சுண்டுவிரல் தொடாத தரை

அத்தியாயம் 8

"செத்துப்போனவங்க கவிதை எழுதக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல தீதி போட்டிருக்கு?" என்று கேட்டான் ஷிபேன்.

"பல்கலைக்கழகச் சட்டத்துல. குடையை இந்தப் பக்கமும் கொஞ்சம் காட்டு" என்றாள் நிருபமா தாலுக்தார்.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். ஷிபேன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். நிருபமா அதற்கெல்லாம் அசரவில்லை. ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் சாவுகளை விசாரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். நிஜமாகச் செத்தவர்கள், செத்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரையும் பார்த்து அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அவளைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற ஒரே உதவியாளன் ஷிபேன் கொராய். தலையில் நரை எட்டிப்பார்க்கிற வயது அவனுக்கு. வாய்க்கு மட்டும் இன்னும் வயது வரவில்லை.

இந்த முறை விசாரிக்க வேண்டியது ஒரு கவிஞரின் சாவு. லதிகா பாக்சி. வங்க இலக்கியம் படித்த எவருக்கும் கதை தெரியும்: இளம் வயதிலேயே பெயர் வாங்கிய கவிஞர், கணவரோடு பூரிக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பாங்குராவிலிருந்து படிக்க வந்த பர்ணாலி மாஜி என்ற பெண், லதிகா சாகவே இல்லை என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டாள். வடக்கே கூச்பிஹார்ப் பக்கம் போய், கமலா பௌமிக் என்ற பெயரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து, அங்கே ஒரு சிற்றிதழில் வருஷக்கணக்காக எழுதினார் என்பது அவள் வாதம். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. ஆதாரம் கேட்டார்கள். கவிதையின் நடை ஒன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அவள் கையில் எதுவும் இல்லை. கட்டுக்கதை எழுதியவள் என்று ஒருமுறை முத்திரை விழுந்தால், பட்டமும் போகும், இனி எந்தக் கல்லூரியும் வாசலில்கூடச் சேர்க்காது.

"வழிகாட்டிப் பேராசிரியரும் கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டாரு" என்றாள் பர்ணாலி. துறை வாசலில் அவர்களுக்காக நனைந்துகொண்டே நின்றிருந்தாள். "எங்கப்பா ஊர் முழுக்க நான் டாக்டர் ஆகப்போறேன்னு சொல்லி வெச்சிருக்கார். பாதிப் பேர் ஊசி போடற டாக்டர்னு நெனச்சுட்டு இருக்காங்க."

"கவலைப்படாதம்மா. உனக்கு நேரம் சரியில்லன்னா ஊசியாவது போடக் கத்துக்கலாம்" என்றான் ஷிபேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. ஷிபேனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது.

பேராசிரியர் ஸ்மரஜித் சன்யாலின் அறையில் நாற்காலியைத் தவிர எல்லாவற்றின் மேலும் புத்தகம் இருந்தது. லதிகா பாக்சியைப் பற்றி யார் என்ன எழுதினாலும் இவரைக் கேட்காமல் அச்சேறாது. திங்கட்கிழமைத் தேர்வுக் குழுவுக்கும் இவர்தான் தலைவர்.

"அந்தப் பொண்ணு கெட்டவ இல்ல மேடம். ஆசைப்பட்டுட்டா. நமக்குப் பிடிச்ச கவிஞர் சாகாம இருந்திருக்கக் கூடாதான்னு எனக்கும்தான் ஆசை. ஆசை ஆராய்ச்சி ஆகுமா?"

"அவங்க செத்தாங்கங்கறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் சார்?" என்றாள் நிருபமா.

"பாதம்."

"புரியல."

"பவானிபூர் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு, போய்ப் பாருங்க. செத்தவங்க உள்ளங்கால்ல ஆல்தாச் சிவப்புப் பூசி எடுத்த அச்சு. உங்க வீட்டுலயும் பெரியவங்களுக்கு எடுத்திருப்பீங்களே. காலேஜ்ல படிக்கறப்போ அது மேல நெத்திய வெச்சு நான் தேம்பித் தேம்பி அழுதிருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமலா பௌமிக் யாரோ ஒரு ரசிகை. சுவரைப் பத்தி அவ எழுதின அந்தக் கவிதை நல்ல கவிதைதான், மறுக்கல. தரை தொடாத சுண்டுவிரல்னு ஒண்ணு வருமே, அது வேரில்லாத நவீனப் பெண்ணோட குறியீடு. பிரமாதம். ஆனா லதிகா இல்ல."

வெளியே வந்ததும் பர்ணாலி பொறுக்க முடியாமல், "அது நவீனப் பெண் இல்ல. தேசப் பிரிவினையில மண்ணை இழந்த பெண். நான் அதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்" என்றாள்.

"ஒத்தைச் சுண்டுவிரல் எத்தனை பேருக்குச் சோறு போடுது பாருங்க தீதி!" என்றான் ஷிபேன்.

நிருபமா பர்ணாலியிடமிருந்த கவிதையின் நகலை வாங்கி, ஒரு புத்தகக் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் நின்று படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தாளின் அடிப்பாகத்தைப் பின்னால் மடித்து ஒரு குண்டூசியைக் குத்தி ஷிபேனிடம் கொடுத்தாள்.

"அந்த வீட்டுல நான் சொல்றப்போ இதை வாசி. மடிச்ச இடத்தைப் பிரிக்காத."

"ஏன், கீழ விலை போட்டிருக்கா?"

"ஷிபேன், வாயை மூடிட்டு டாக்ஸி பிடி."

---

பவானிபூர் வீட்டின் தெருமுனையிலேயே பர்ணாலி இறங்கிக்கொண்டாள். போன மாதம் அவள் போய்க் கதவைத் தட்டியபோது, 'எங்கம்மாவை ஓடுகாலின்னு எழுதறியா?' என்று கேட்டு முகத்திலடித்தாற்போல் சாத்தியிருக்கிறார் லதிகாவின் மகள். டீக்கடையில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றுவிட்டாள்.

மகள் பெயர் ஜயிதா பாக்சி. கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலையை ஈரத் துண்டால் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் குளித்தெழுந்த கோலத்தில் கதவைத் திறந்தார். அம்மாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறோம் என்றதும் முகம் இறுகியது. ஆனாலும் மழையில் வந்தவர்களை நிற்க வைத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

"உக்காருங்க. ஒரு வாய் டீ குடிச்சுட்டு அப்புறம் என்ன வேணா கேளுங்க. இந்த வீட்டுலேர்ந்து வெறும் வாயோட யாரும் போனதில்ல."

கூடத்துச் சுவரில் அது இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய தாள். அதில் இரண்டு சிவந்த பாதங்கள். மேலே சந்தனப் பொட்டு, சம்பங்கி மாலை. எந்தச் சாவு வீட்டிலும் வேடிக்கை பேசுகிற ஷிபேனுக்குக்கூடக் கை தானாகக் குவிந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள். ஜயிதா குளியலறையிலிருந்து வாசலுக்கு வந்து, திரும்பச் சமையலறைக்குப் போன தடங்கள் அவை. கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். நடுவில் நல்ல குழிவு. ஒவ்வொரு தடத்திலும் நான்கே விரல்கள். சுண்டுவிரல் தரையில் படவே இல்லை.

அவன் சுவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். திரும்பவும் சுவரைப் பார்த்தான். அங்கேயும் நான்கே விரல்கள்.

"தீதி…"

"பார்த்தேன்" என்றாள் நிருபமா. அவள் குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை.

ஜயிதா டீயும், ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். நிருபமா கோப்பையைத் தொடாமல் கேட்டாள்.

"இந்த அச்சு எடுக்கறப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"நான் சாவு வீடுகளுக்கே போய்ப் போய்ச் சம்பாதிச்சவ. இதுமாதிரி அச்சு நிறையப் பார்த்திருக்கேன். செத்தவங்க படுத்திருப்பாங்க. நாமதான் தாளைக் கொண்டுபோய் உள்ளங்கால்ல வெச்சுத் தடவுவோம். கை போற இடமெல்லாம் சிவப்புப் படும், குழியிலயும் படும். விரல் மட்டும் சரியா விழாது. இதுல பாருங்க. குதிகால் அழுந்தியிருக்கு. குழி வெள்ளையா இருக்கு. விரல் தாளைப் பிடிச்சுட்டு நிக்குது. இது படுத்தவங்க கால் இல்ல. நின்னவங்க கால்."

ஜயிதா தன் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு அசைவு போதுமானதாக இருந்தது.

 பிறகு அவரே பேசினார்.

"அச்சு பொய்தான். ஆனா எங்கம்மா செத்தது பொய் இல்ல. அப்பா பூரியிலேர்ந்து தனியா வந்தார், கையில ஒரு மண்குடத்தோட. கடற்கரையிலயே எரிச்சாச்சுன்னார். எனக்கு அழுகைகூட வரல. ஸ்கூல் யூனிஃபார்மோட நின்னுட்டிருந்தேன். காரியத்துக்கு எழுதறவங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் வருவாங்க, பாதம் எங்கேன்னு கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு அப்பா தவிச்சார். அப்புறம் என் காலையே பார்த்துட்டிருந்தார். 'உனக்கு உங்கம்மா கால்தானே, ஏறி நில்லு'ன்னார். நின்னேன்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கும் எனக்கும். அவரும் போயாச்சு." ஜயிதா சுவரைப் பார்க்காமல் பேசினார். "ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளைக்கு ஊரே வரும். என் காலைக் கும்பிடும். நானும் கும்பிடுவேன். அசிங்கமா இருக்கும். அப்புறம், அம்மாவுக்குத்தானே போய்ச் சேருதுன்னு மனசைத் தேத்திப்பேன். இதுக்காகவா வந்தீங்க? ஒரு பொய் அச்சுக்காகவா?"

ஷிபேனுக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அச்சு பொய் என்பதால் சாவும் பொய் ஆகிவிடாது. கேஸ் தோற்றுவிட்டது, இந்த அம்மாளை அழவைத்ததுதான் மிச்சம் என்று நினைத்தான். நிருபமா அவன் பக்கம் திரும்பி, "வாசி" என்றாள்.

அவன் தாளை எடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

*என் பாதங்கள் என்றார்கள், சுவரைக் காட்டி.*
*எல்லாரோடும் நானும் கும்பிட்டேன்.*
*நிமிர்ந்து பார்த்தால்*
*தரையைத் தொடாத சுண்டுவிரல்.*
*மகளே, நீ ஏறி நின்றுவிட்ட இடத்தில்*
*இனி நான் எங்கே நிற்பது?*

முதல் தடவையாக அந்தக் கவிதை ஷிபேனுக்குப் புரிந்தது. அதில் குறியீடும் இல்லை, நவீனப் பெண்ணும் இல்லை, பிரிவினையும் இல்லை. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள் ஒருத்தி. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு அதற்கு அர்த்தம் தேடியிருக்கிறார்கள்.

"யார் எழுதினது இது?" ஜயிதா கோப்பையைத் தட்டோடு கீழே வைத்தார்.

"கமலா பௌமிக். கூச்பிஹார்ப் பக்கம் ஒரு டீச்சர். உங்கம்மா செத்ததாச் சொல்ற வருஷத்துக்கு ரொம்பப் பின்னாடி அச்சான கவிதை. இந்த அச்சு மேல அழுத பேராசிரியர் சன்யால், அந்த விரல் வெறும் குறியீடுங்கறார்."

"அவளுக்கு எப்படி என் சுண்டுவிரல்…"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க சொல்லல, அப்பா சொல்லல. ஒரு காலைச் சுவத்துல பார்த்த உடனே இது யார் காலுன்னு தெரியணும்னா, அந்தக் காலை மடியில போட்டு எண்ணெய் தடவினவளாத்தான் இருக்கணும்."

"இல்ல." ஜயிதா எழுந்துவிட்டார். "எங்கப்பா அப்படிச் செய்யற ஆளே இல்ல. நல்ல வக்கீல். ஊர்ல அவருக்கு…"

"அதனாலதான் மாசிமா" என்றான் ஷிபேன் மெதுவாக, சித்தி முறை வைத்து. "பொண்டாட்டி வீட்டை விட்டுப் போனா வக்கீலை ஊர் சிரிக்கும். செத்துப்போயிட்டா மாலையோட வரும்."

சொன்ன பிறகு அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. நிருபமா அவனைக் கையமர்த்திவிட்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"நினைவு நாளைக்கு எல்லாரும் வருவாங்கன்னீங்க. எப்பவாவது, யாருன்னு தெரியாத பொம்பளை யாராவது வந்தது ஞாபகம் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எத்தனையோ பேர் வருவாங்க. எல்லாரையும் எப்படி…" ஜயிதா நிறுத்தினார். கண்கள் வாசல் பக்கம் போயின. "ஒருத்தங்க மட்டும் வெறும் வாயோட போயிட்டாங்க."

"சொல்லுங்க."

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கூட்டமெல்லாம் கலைஞ்சாச்சு. கூட்டத்தோட வந்த, முக்காடு போட்ட ஒரு அம்மா மட்டும் போகாம, பாதத்துகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. நான் உள்ள போய் ஸ்வீட் எடுத்துட்டு வர்றதுக்குள்ள காணோம். நம்ம வீட்டுலேர்ந்து இப்படிப் போறதான்னு டப்பாவைத் தூக்கிட்டு ஓடினேன். தெருமுனையில போய்ப் பிடிச்சேன். 'மாசிமா, ஒண்ணாவது வாயில போட்டுட்டுப் போங்க'ன்னேன். நின்னாங்க. திரும்பவே இல்ல. கையை மட்டும் பின்னால நீட்டினாங்க. வெச்சேன். கை நடுங்கிச்சு. வயசானவங்க, மழையில நனைஞ்சிருக்காங்க, குளிருதுன்னு நெனச்சேன்."

நிருபமா தாளை வாங்கினாள். குண்டூசியை உருவினாள். மடிப்பைப் பிரித்து ஜயிதாவிடம் நீட்டினாள்.

"இதை முதல்லயே காட்டியிருந்தா, படிச்சுட்டுச் சொன்னீங்கன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க. அதான் மறைச்சேன். என்னை மன்னிச்சுடுங்க."

ஜயிதா படித்தார்.  தாள் அவர் கையிலிருந்து நழுவிப் பாதத்தருகே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த ஷிபேன், அந்தக் கடைசி மூன்று வரிகளை அப்போதுதான் பார்த்தான்.

*இனிப்போடு ஓடிவந்தாள் தெருமுனை வரை.*
*'மாசிமா' என்றாள்.*
*நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் என் பிள்ளையை.*

 அவன் தாளை ஜயிதாவின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். ஈரத் தடங்கள் காய்ந்துபோயிருந்தன.

"நான் தெரிஞ்சேதான் ஏறி நின்னேன்னு நெனச்சிருப்பா, இல்ல?" என்றார் ஜயிதா. "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து தன்னைக் கொன்னுட்டாங்கன்னு. அதான் திரும்பல. எனக்குத் தெரியாதும்மா, நெஜமாவே எரிச்சாச்சுன்னுதான் நெனச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா… அவ முதுகுக்குப் பின்னாலதானே நின்னேன். தொடற தூரத்துல."

ஆறுதல் சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கும். நிருபமா பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் இருவரும் அப்படியே நின்றார்கள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஜயிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு எங்க? நான் விரட்டினேனே" என்றார்.

ஷிபேன் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து பர்ணாலியைக் கூட்டிவந்தான். வழியில் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். அவள் பயந்துகொண்டே கூடத்துக்குள் வந்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தவள்போல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ எப்ப செத்தா?" என்றார் ஜயிதா.

"ரொம்ப வருஷம் ஆச்சு. தை மாசம். நல்ல குளிராம்."

"தை மாசமா? இத்தனை வருஷமா நான் ஆடியில திவசம் பண்ணிட்டிருந்தேன். யார் எரிச்சாங்க?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. நான் போயிருந்தப்போ அவங்கள்ல ஒருத்தர்தான் இடத்தைக் காட்டினார்."

ஜயிதா கேட்கத் தயங்கிக் கேட்டார். "பாதம் எடுத்தாங்களா?"

பர்ணாலி நிருபமாவைப் பார்த்தாள். அவள் உதவிக்கு வரவில்லை.

"இல்ல. நானும் கேட்டேன். சொந்தம்னு யாரும் இல்லியே, யாருக்குன்னு எடுக்கறதுன்னு விட்டுட்டாங்களாம்."

ஜயிதா தலையை ஆட்டிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஷிபேன் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டு, மாலையைக் கழற்றி, சட்டத்தைத் தானே இறக்கினார். புடவைத் தலைப்பால் சந்தனப் பொட்டைத் துடைத்தார்.

"திங்கக்கிழமை நான் வர்றேன். இதையும் எடுத்துட்டு வர்றேன். உங்க பேராசிரியர் இது மேலதானே அழுதாராம்? அவர் முன்னாடி என் காலை வெச்சுக் காட்டறேன். அப்புறமும் குறியீடுன்னு சொல்றாரான்னு பாப்போம்."

பர்ணாலி அழ ஆரம்பித்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். பாங்குராவில் ஒரு மனிதர் இனித் தயங்காமல் தன் பெண்ணை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதைச் சொல்லி அவளைத் தேற்றலாம் என்று ஷிபேன் வாயெடுத்தான். ஜயிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான்.

அவர்கள் கிளம்பினார்கள். மழை தூறலாகியிருந்தது. நிருபமாவும் பர்ணாலியும் முன்னே போக, ஷிபேன் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். நாலடி நடந்திருப்பான். பின்னால் வெறுங்கால்கள் வேகமாக வரும் சத்தம் கேட்டது.

யாரும் தொடாமல் வைத்துவிட்டு வந்த சந்தேஷ் தட்டோடு ஜயிதா வாசற்படியில் நின்றார். பழக்கத்தில் ஓடிவந்துவிட்டார். "ஒண்ணாவது வாயில…" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. தட்டு மட்டும் நீட்டியபடியே இருந்தது.

ஷிபேன் திரும்பினான். குடையை மடக்கிவிட்டு, நாலடியையும் திரும்ப நடந்துபோய், அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.